ஏற்காடு ஏற்றத்தில் சைக்கிளுக்குள் மோட்டார்: மறைக்க முடியுமா, கண்டுபிடிக்க முடியுமா?

கேள்வி: போன ஞாயிறு அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏரி வரை நாங்கள் இருபது பேர் சேர்ந்து ஒரு போட்டி வைத்தோம். முதலில் வந்தவர் போன வருடம் எங்களுக்கெல்லாம் பின்னால் வந்தவர். சைக்கிளுக்குள் மோட்டார் வைத்திருப்பார் என்று இரண்டு பேர் சொல்கிறார்கள். வெளியே தெரியாமல் அப்படி வைக்க முடியுமா அண்ணா? இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

முடியும் தம்பி, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் நீ ஒன்று கேட்பதாக நினைத்துக்கொண்டு இரண்டு கேட்டிருக்கிறாய். மோட்டாரை மறைக்க முடியுமா என்பது ஒன்று, அந்த ஆள் மறைத்தாரா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவேன், ஏனென்றால் இருபத்தாறு வருடமாக எனக்குச் சோறு போடுவதே மோட்டார்தான். செவ்வாய்ப்பேட்டை பக்கம் ரீவைண்டிங் கடை, ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் சைக்கிள். இரண்டாவது கேள்விக்கு ஒரு ஆலன் கீ, அதான் அந்த அறுகோணச் சாவி, போதும், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நம் ஊர்க்காரனுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். போர் மோட்டாரைப் பார்த்திருப்பாய். ஆறரை இஞ்ச் குழிக்குள் இறங்க வேண்டும் என்பதற்காகவே அதை ஒல்லியாக, நீளமாகச் செய்திருப்பார்கள், அகலத்தில் கிடைக்காத இடத்தை நீளத்தில் எடுத்துக்கொள்வது. சைக்கிளில் சீட் கம்பி இறங்குகிற குழாயும் ஒரு குட்டி போர்க்குழிதான். நிறைய சைக்கிள்களில் அதற்குள் இறங்கும் சீட் கம்பியின் விட்டம் 31.6 மில்லிமீட்டர், சிலவற்றில் 30.9. அந்த அளவுக்குள் இறங்குகிற உருளை மோட்டார், அதன் வேகத்தைக் குறைக்க ஒரு சின்ன கியர் பெட்டி, கீழ்முனையில் சுழற்சியைப் பக்கவாட்டில் திருப்பிவிடுகிற ஒரு பெவல் கியர், அந்தப் பெவல் கியர் பெடல் அச்சோடு பல் கோத்துக்கொள்ளும். அவ்வளவுதான் அமைப்பு. காலும் அதே அச்சைத்தான் சுற்றுகிறது, மோட்டாரும் அதே அச்சைத்தான் சுற்றுகிறது. பின்னால் வருகிறவன் கண்ணுக்கு, காலே எல்லாவற்றையும் செய்கிற மாதிரி இருக்கும்.

இது திருட்டுத்தனமாகப் பிறந்த சாமானும் இல்லை. ஆஸ்திரியாவில் முதலில் க்ரூபர் அசிஸ்ட் என்ற பெயரிலும் பிறகு விவாக்ஸ் அசிஸ்ட் என்ற பெயரிலும் வெளிப்படையாக விற்றார்கள். வயதானவர், உடம்பு முடியாதவர், கூட வருகிற பலசாலிக்கு ஈடுகொடுக்க முடியாதவர், இவர்களுக்காகச் செய்தது. பேட்டரியோடு சேர்த்து இரண்டு கிலோவுக்குள் அடங்கும். யாரும் கிண்டல் செய்யக்கூடாது என்று வெளியே தெரியாமல் வைத்தார்கள், அந்த மறைவையே வேறு சிலர் வேறு காரியத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். நம் நாட்டுச் சட்டப்படியும் 250 வாட்டுக்குக் குறைவான, மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டாத மின் சைக்கிளுக்குப் பதிவு எண் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம். ஏற்காட்டுக்கு மின் சைக்கிளில் ஏறுகிறவரைப் பார்த்தால் கையாட்டிவிட்டுப் போ. குற்றம் போட்டியில் வந்து பொய் சொல்லும்போதுதான்.

சரி, அந்த மோட்டாரால் உண்மையில் என்ன லாபம்? இங்கேதான் எல்லோரும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். மோட்டார் என்றால் மொபெட் மாதிரி இழுத்துக்கொண்டு போகும் என்று நினைக்கிறார்கள். போட்டியில் ஏமாற்றுகிறவனுக்கு அவ்வளவு தேவையே இல்லை. நம் மலையையே வைத்துக் கணக்குப் போடுவோம். அடிவாரத்திலிருந்து ஏரி வரை ஏறுகிற உயரத்தை ஏறக்குறைய 1000 மீட்டர் என்று வைத்துக்கொள். ஆளும் சைக்கிளும் தண்ணீர்ப் பாட்டிலும் சேர்த்து 80 கிலோ. இவ்வளவு எடையை அவ்வளவு உயரம் தூக்க 7,84,000 ஜூல் வேண்டும், அதில் பேரமே கிடையாது. காற்றுக்கும் டயருக்கும் போவதை இப்போதைக்கு விட்டுவிடுவோம். தூக்குவதற்கு மட்டும் தொடர்ந்து 200 வாட் கொடுக்கிறவன் 65 நிமிடத்தில் மேலே இருப்பான். அதோடு 50 வாட் கூடக் கொடுத்தால் 52 நிமிடம். ஐம்பது வாட் என்பது வீட்டில் ஒரு மேசை ஃபேன் இழுக்கிற கரண்டு, அது பதின்மூன்று நிமிடத்தை விழுங்கிவிடுகிறது! இருபது கொண்டை ஊசி வளைவும் சேர்ந்து பண்ணாத வேலை இது.

ஆனால் இதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார், உன் நண்பர்கள் வாய் அடைத்துப்போகும். அதே ஆள், அதே 200 வாட், ஒரு வருடத்தில் ஆறு கிலோ தொப்பையைக் கரைத்திருக்கிறான் என்று வை. 80 கிலோ 74 ஆகிறது, நேரம் 60 நிமிடம் ஆகிறது. ஐந்து நிமிடம் வெறும் வயிற்றிலிருந்தே வந்துவிட்டது. அதோடு வாரத்துக்கு நான்கு நாள் விடியற்காலையில் கன்னங்குறிச்சி வழியாக வந்து மலையில் பாதி ஏறி இறங்கியிருந்தால், புதிதாக ஆரம்பித்த ஒருவனுக்கு முப்பது நாற்பது வாட் கூடுவது பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. அதனால் "போன வருடம் பின்னால் வந்தான், இந்த வருடம் முன்னால் வந்தான்" என்பது எதற்கும் சாட்சி ஆகாது. அந்த ஆளின் இடுப்பு அளவு என்ன ஆனது என்று யாராவது பார்த்தீர்களா?

பேட்டரி எங்கே வைப்பது என்று அடுத்துக் கேட்பாய். முன்பெல்லாம் சீட்டுக்கு அடியில் தொங்குகிற பையிலோ தண்ணீர்ப் பாட்டில் உருவத்திலோ வைத்தார்கள். இன்றைக்கு டார்ச் லைட்டில் போடுகிற 18650 லித்தியம் செல் ஒன்றே நல்லதாக இருந்தால் பன்னிரண்டு வாட் மணி கொடுக்கும், எடை ஐம்பது கிராமுக்குள். மோட்டாரில் வீணாவதையும் சேர்த்து, ஒரு மணி நேரம் முழுக்க 50 வாட் கொடுக்க ஐந்து செல் போதும், கால் கிலோ. ஆனால் விவரம் தெரிந்தவன் ஒரு மணி நேரம் முழுக்க ஓட்டமாட்டான். மற்றவர்களுக்கு மூச்சு வாங்குகிற பத்து நிமிடத்தில் மட்டும் பட்டனை அழுத்துவான், அதற்கு ஒரு செல்லில் அடங்குகிற சக்தியே போதும். பெரிய போட்டிகளில் சைக்கிளின் எடை 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது என்று விதி இருக்கிறது. நல்ல கார்பன் சைக்கிளை அதற்கும் கீழே கொண்டுவர முடியும், பிறகு விதிக்காக எடை சேர்க்க வேண்டும். அந்த இடைவெளியில் என்ன சேர்க்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

இனி பிடிபட்ட கதைக்கு வருவோம். உயர்மட்டப் போட்டியில் கையும் களவுமாகச் சிக்கி, விசாரித்து, தண்டனையும் கொடுத்தது என்று சொல்ல ஒரே ஒரு வழக்குதான். 2016 ஜனவரி 30, பெல்ஜியத்தில் ஹூஸ்டன் சோல்டர், சைக்ளோகிராஸ் உலகப் போட்டி. சேற்றிலும் மணலிலும் ஓட்டுகிற போட்டி அது, சக்கரத்தில் சேறு ஏறிவிடும் என்பதால் நடுவே சைக்கிளை மாற்றிக்கொள்ள அனுமதி உண்டு, ஆளுக்கு இரண்டு மூன்று சைக்கிள் தயாராக நிற்கும். ஃபெம்கே வான் டென் டிரிஷ் என்ற 19 வயதுப் பெண், உள்ளூர் நட்சத்திரம். அவருக்காக நின்றிருந்த மாற்றுச் சைக்கிளின் மேல் அதிகாரிகள் காந்தப்புலத்தைக் காட்டுகிற டேப்லெட் கணினியை வைத்துப் பார்த்தபோது காந்தப்புலம் தாறுமாறாகக் காட்டியது. சீட்டைக் கழற்றினால் வயர், பெடல் மாட்டுகிற கிராங்கைக் கழற்றப் போனால் வரவில்லை. குழாய்க்குள் விவாக்ஸ் மோட்டாரும் பேட்டரியும், கைப்பிடி டேப்புக்கு அடியில் புளூடூத் பட்டன். அது என் சைக்கிள் இல்லை, நண்பருடையது, தவறுதலாக வந்துவிட்டது என்றார். ஏற்கவில்லை. ஆறு வருடத் தடை, 20,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதம், அதற்கு முன் வாங்கிய ஐரோப்பியப் பட்டமும் பறிபோனது. அந்தப் பெண் சைக்கிளையே விட்டுவிட்டார். பத்தொன்பது வயதில் அவருக்கு அந்த யோசனையைக் கொடுத்தது யார், அந்த மோட்டாரை மாட்டியது எந்த மெக்கானிக், என்பதுதான் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. குழாய்க்குள் பெவல் கியரை அளவாக உட்காரவைப்பது ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதவன் செய்கிற வேலை கிடையாது.

அதற்கு முன்னும் பின்னும் வந்ததெல்லாம் பேச்சுதான். 2010-ல் சுவிட்சர்லாந்தின் ஃபேபியன் கான்செல்லாரா ஃபிளாண்டர்ஸ் போட்டியில் ஒரு கல்பாவிய செங்குத்து மேட்டில் சீட்டைவிட்டு எழாமலே போட்டியாளர் டாம் பூனனைப் பின்னால் விட்டுவிட்டுப் போனார். கை ஓரிடத்தில் பட்டதும் வேகம் ஏறுகிறது பாருங்கள் என்று ஒரு வீடியோ ஊர் ஊராகச் சுற்றியது. அவர் மறுத்தார், எந்தச் சோதனையிலும் எதுவும் கிடைக்கவில்லை, ஆனால் பெயரோடு அந்த வால் ஒட்டிக்கொண்டது. 2014 ஸ்பெயின் சுற்றுப் போட்டியில் கனடாவின் ரைடர் ஹெஸ்ஜெடால் வளைவில் வழுக்கி விழுந்தார். கீழே கிடந்த சைக்கிள் தானாக வட்டமடித்தது. பார்ப்பதற்கு மோட்டார் இருக்கிற மாதிரியே இருக்கும், நானே அந்த வீடியோவை இருபது தடவை பார்த்திருக்கிறேன். பிறகு அவர்கள் சைக்கிள்களைச் சோதித்தார்கள், ஒன்றும் இல்லை. வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்த பின்சக்கரம் சரிவான தார் ரோட்டில் உரசினால் சைக்கிள் அப்படித் திரும்புவது நடக்கக்கூடியதுதான். ஆனால் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டவனிடம் போய் இதைச் சொல்லிப் பார்.

காந்தச் சக்கரம் என்று ஒன்றைப் பற்றியும் யாராவது உன்னிடம் சொல்வார்கள். சக்கர விளிம்புக்குள் காந்தங்களை வரிசையாக வைத்து, ஃபிரேமுக்குள் செம்புக் கம்பி சுற்றிய காயிலை வைத்து, பல்லும் சங்கிலியும் இல்லாமல் சக்கரத்தையே தள்ளுவது. ஹங்கேரியப் பொறியாளர் இஸ்த்வான் வர்யாஷ் என்பவர் மறைவு மோட்டார்களைப் பற்றி 2017-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்து பேசியதிலிருந்து இந்தப் பேச்சு ஓயவே இல்லை. கொள்கை அளவில் சரிதான், மோட்டாரை வெட்டி நீட்டி விரித்துவைத்தால் அதுதான். ஆனால் காயில் சுற்றுகிறவனாகச் சொல்கிறேன், மோட்டாரின் உயிரே அசையாமல் நிற்கிற ஸ்டேட்டருக்கும் சுற்றுகிற ரோட்டாருக்கும் நடுவில் இருக்கிற இடைவெளிதான். என் கடைக்கு வருகிற சாதாரண மோட்டார்களில் அது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பேரிங் தேய்ந்து அது கொஞ்சம் கோணினாலே மோட்டார் சூடாகி உறும ஆரம்பிக்கும். கார்பன் சுவரையும் தாண்டி, ஆடிக்கொண்டே சுற்றுகிற சக்கரத்தை அந்த இடைவெளிக்கு மேலே நின்று தள்ள வேண்டுமென்றால் எவ்வளவு காந்தம், எவ்வளவு செம்பு? முடியாது என்று சொல்லமாட்டேன், பணம் இருந்தால் எதையும் செய்வார்கள். ஏற்காட்டில் ஞாயிற்றுக்கிழமை போட்டிக்கு யாரும் செய்யமாட்டார்கள் என்று சத்தியம் செய்வேன்.

பெரிய போட்டிகளில் எப்படிப் பிடிக்கிறார்கள் என்றால், 2016 முதல் முக்கிய ஆயுதம் அந்த டேப்லெட். உள்ளே காந்தம் அல்லது இரும்பு மையம் இருந்தால் சுற்றியுள்ள காந்தப்புலம் கலையும், அதைத் திரையில் காட்டும். ஒரு சைக்கிளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த வருட டூர் டி பிரான்ஸில் மட்டும் 3,773 சோதனை செய்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை. 2018-ல் ஈயக் கவசம் போட்ட எக்ஸ்ரே பெட்டி வந்தது, சைக்கிளை அப்படியே உள்ளே தள்ளிப் படம் எடுத்துவிடலாம். வெப்பக் கேமராவும் உண்டு. 100 வாட் கொடுக்கிற குட்டி மோட்டாரில் இருபது வாட்டாவது சூடாகத்தான் போகும், காற்றே போகாத குழாய்க்குள் அந்தச் சூடு எங்கே போய் ஒளிந்துகொள்ளும்? ஆனால் பேரிங்கும் சூடாகும், டயரும் சூடாகும், வெயிலில் கறுப்பு ஃபிரேமும் சூடாகும், அதனால் சூட்டை மட்டும் வைத்து ஒருவரைக் குற்றம் சாட்டமுடியாது. தண்டனை கடுமைதான்: ஓட்டுபவருக்குக் குறைந்தது ஆறு மாதத் தடையும் 20,000 முதல் 2,00,000 சுவிஸ் ஃபிராங்க் வரை அபராதமும், அணிக்கு ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் ஃபிராங்க் வரை.

என் எண்ணத்தைக் கேட்டால், அங்கே இருப்பதைவிட நம்மைப் போன்ற சாதாரண ஆட்கள் ஓட்டுகிற போட்டியில்தான் இது அதிகம் நடக்கும். சோதனை கிடையாது, பரிசு சின்னது, ஆனால் பெருமை பெரிது. 2017-ல் இத்தாலியில் 53 வயதுக்காரர் ஒருவர் வெப்பக் கேமராவில் சிக்கினார். அதே வருடம் அக்டோபரில் பிரான்சின் தோர்தோங் பகுதியில் 43 வயதுக்காரர் ஒருவர் சிக்கினார், அவருக்கு ஐந்து வருடத் தடை, நீதிமன்றம் அறுபது மணி நேரச் சமூகசேவையும் கொடுத்தது. இரண்டு பேரும் நம் வயது ஆட்கள், கிராமத்துப் போட்டிகள். கோப்பையை விற்றால் இரண்டு பேருக்குத் தட்டுவடை செட் வாங்கலாம், அவ்வளவுதான் வரும்.

இப்போது என் கதை ஒன்று. சில வருடத்துக்கு முன்பு எங்களோடு ஏறுகிற ஒருவர் திடீரென்று வேகமாகிவிட்டார். வளைவில் பின்னால் போகும்போது அவர் சைக்கிளிலிருந்து மெல்லிசாக "ங்ஙொய்" என்று ஒரு சத்தம். சைக்கிளைப் பற்றித் தெரியாவிட்டாலும் மோட்டார் சத்தம் எனக்குத் தெரியாதா என்ற திமிர் எனக்கு. ஒண்டிக்கடையில் டீ குடிக்கும்போது எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன், "என்னங்க, உள்ளே ஏதாவது ஓடுதுங்களா?" என்று. சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பையிலிருந்து சாவியை எடுத்து, சீட் கம்பியை அங்கேயே உருவி, சைக்கிளைக் கவிழ்த்தார். ஒரு கை அளவு மழைத்தண்ணீர் துருவோடு கொட்டியது. சத்தம் பாட்டம் பிராக்கெட், அதாவது பெடல் அச்சு உட்காருகிற இடத்து பேரிங்குடையது, தண்ணீர் இறங்கி காய்ந்து செத்திருந்தது. அவ்வளவு மோசமான பேரிங்கோடு எங்களை முந்தியிருக்கிறார் மனிதர். கம்பியைத் திரும்பச் செருகிவிட்டு டீக்குக் காசு கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினார். அதற்குப் பிறகு எங்களோடு வரவில்லை. நான் இரண்டு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை, நானும் விட்டுவிட்டேன்.

அதனால் சோதிப்பதாக இருந்தால் அந்த ஒருவரை மட்டும் நிறுத்தாதே. அடுத்த போட்டிக்கு முன்பே சொல்லிவிடுங்கள், முதல் ஐந்து பேர் சைக்கிளையும் மேலே திறந்து பார்ப்போம் என்று. கிளம்பும் இடத்தில் எல்லாச் சைக்கிளிலும் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டி, நடுவழியில் மாற்றிக்கொள்ளக்கூடாது என்றும் சொல்லிவிடுங்கள். மோட்டார் வைத்திருப்பவன் அன்றைக்குக் காய்ச்சல் என்று வரமாட்டான், அதிலேயே பாதி வேலை முடிந்தது.

மேலே வந்ததும் முதலில் சீட் குழாயின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்க்கலாம், ஆனால் கார்பன் சூட்டை எளிதில் வெளியே விடாது, அதனால் ஜில்லென்று இருந்தால் அதை வைத்து எதுவும் முடிவுசெய்யாதே. அடுத்து போனில் திசைகாட்டியைத் திறந்து குழாயை ஒட்டி மேலிருந்து கீழே மெதுவாகக் கொண்டுபோ. அலுமினியம், கார்பன் இரண்டுமே முள்ளை அசைக்காது. ஓரிடத்தில் மட்டும் முள் சுழன்றால் உள்ளே ஏதோ இருக்கலாம், பெரிய போட்டியில் செய்வதும் அடிப்படையில் இதுதான். பழைய ஸ்டீல் ஃபிரேமில் இது வேலைக்கு ஆகாது, வேக மீட்டருக்காகச் சக்கரத்தில் ஒட்டுகிற குட்டிக் காந்தமும் ஏமாற்றும். மளிகைக் கடைக்காரர் வைத்திருக்கிற தொங்கு தராசில் மாட்டி எடை பார்ப்பதும் நல்லது, ஒரே மாடல் ஒரே சைஸ் சைக்கிள் இரண்டு இருந்து ஒன்று மட்டும் ஒன்றரை கிலோ கூட என்றால் கேள்வி கேட்கலாம். பெடலைப் பின்னால் சுற்றிப் பார்க்கச் சொல்வார்கள், உள்ளே ஒரு பக்கம் மட்டும் பிடிக்கிற ஃப்ரீவீல் வைத்திருந்தால் கையில் ஒன்றும் தெரியாது, அதை நம்பாதே.

கடைசியாக நான் சொன்ன ஆலன் கீ. பெரும்பாலும் 4 அல்லது 5 எம்.எம். போதும். சீட் கம்பியை உருவி உள்ளே டார்ச் அடி, அடியில் பெடல் அச்சோ அதை மூடிய உறையோ தெரிந்தால் அந்தக் குழாயில் மோட்டார் இல்லை, முடிந்தது கதை. ஒன்று மட்டும் கவனம்: வயரைப் பார்த்ததும் குதிக்காதே. ஷிமானோ டிஐ2 மாதிரி மின் கியர் வைத்த சைக்கிள்களில் பேட்டரியே சீட் கம்பிக்குள்தான் இருக்கும், விரல் தடிமன், ஐம்பது கிராம் அளவு, அதிலிருந்து ஒரு மெல்லிய வயர் கீழே இறங்கும். அது கியர் மாற்றுவதற்கு, சக்கரத்தை ஓட்ட அதனால் முடியாது. மோட்டாருக்குப் போகிற வயர் இன்னும் தடிமனாக இருக்கும், ஏனென்றால் அதில் ஓடுகிற கரண்டு அப்படி. சந்தேகமாக இருந்தால் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, கடையில் இருந்தால் உடனே பார்த்துச் சொல்கிறேன்.

உருவுவதற்கு முன்னால் கம்பி குழாயைத் தொடுகிற இடத்தில் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று சுற்றிவிடு. திரும்ப அதே உயரத்துக்கு மாட்டி, கார்பன் என்றால் அளவோடு முறுக்கிக் கொடு. சீட் நாலு மில்லிமீட்டர் ஏறி இறங்கினாலும் அந்த ஆளுக்கு முட்டி வலிக்கும், அப்புறம் அடுத்த வருடம் அவர் பின்னால் வந்தால் அதற்கும் நீதான் காரணம் என்பார்.